எக்ஸோசோமுக்குள் எவ்வளவு மருந்து பிடிக்கும்?

ஸ்டெம் செல் வெளிவிடும் எக்ஸோசோம் என்ற சவ்வு மூடிய நுண்பையில் புற்றுநோய் மருந்தை ஏற்றி, கட்டி இருக்கும் இடத்துக்கு மட்டும் அனுப்பலாம் என்று ஆய்வுத் திட்டம் எழுதும் மாணவர்கள் இப்போது நிறையப் பேர். வாய்ப்புள்ள துறைதான், சந்தேகமில்லை. ஆனால் செல் வளர்ப்பு அறைக்குள் கால் வைப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். இந்தக் கணக்கைப் போடாததால் வீணாகும் உழைப்பைப் போல இந்தத் துறையில் வேறெதுவும் என்னை வருத்துவதில்லை.

ஒரு எக்ஸோசோமின் விட்டம் 100 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் 30 முதல் 150 வரை இருக்கும். அந்தக் கோளத்தின் கன அளவைக் கண்டுபிடித்து, பத்தாயிரம் கோடி எக்ஸோசோம்களுக்குப் பெருக்குங்கள். மொத்தமும் சேர்ந்து 0.05 மைக்ரோ லிட்டர்தான் வரும். சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். அதைக் கழித்தால் உள்ளே மிஞ்சும் இடம் 0.04 மைக்ரோ லிட்டர். பைப்பெட்டால் எடுக்கக்கூட முடியாத துளி அது.

இப்போது 20 கிராம் எடையுள்ள சுண்டெலிக்கு டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் கொடுக்க வேண்டும் என்றால் 100 மைக்ரோகிராம் தேவை. பத்தாயிரம் கோடி எக்ஸோசோமில் 100 மைக்ரோகிராம் ஏறிவிட்டது என்று ஒருவர் சொன்னால், அந்தத் துளிக்குள் மருந்தின் செறிவு ஒரு மில்லி லிட்டருக்கு 2 கிராமைத் தாண்டுகிறது. மருந்தின் திடப் படிகத்துக்கே அத்தனை அடர்த்தி கிடையாது. அப்படியானால் அளந்தது எது? எக்ஸோசோமின் வெளிப்புறம் ஒட்டிய மருந்து, அல்லது தனியே திரண்டு எக்ஸோசோமோடு சேர்ந்து அடியில் படிந்த மருந்து.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல் டாக்ஸில். 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லைப்போசோம் (செயற்கைக் கொழுப்பு நுண்பை) மருந்து. அதில் அம்மோனியம் சல்பேட் செறிவு வேறுபாட்டைப் பயன்படுத்தி டாக்ஸோரூபிசினை உள்ளே இழுத்துப் படிகமாக்கி விடுகிறார்கள். ஒரு லைப்போசோமுக்குள் ஏறத்தாழ 10,000 முதல் 15,000 மூலக்கூறுகள் அடங்கும். மருந்தேற்றத்தில் இதைவிடச் சிறந்த கைவேலை இன்றுவரை அரிது. அந்தத் திறமையை எக்ஸோசோமிலும் எட்டிவிட்டோம் என்றே வைத்துக்கொண்டாலும், பத்தாயிரம் கோடி எக்ஸோசோமில் ஏறுவது 1.4 மைக்ரோகிராம்கூட இல்லை. ஒரு சுண்டெலிக்கு ஒரு வேளை மருந்து கொடுக்க 7 லட்சம் கோடி எக்ஸோசோம் வேண்டும்.

அத்தனையை உருவாக்க எத்தனை ஃப்ளாஸ்க் ஆகும் என்பதைச் சற்றுக் கீழே பார்க்கலாம். முதலில் இந்தப் பொருள் என்ன, ஏன் ஸ்டெம் செல்லிலிருந்து எடுக்கிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1983இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டன. கனடாவில் ரோஸ் ஜான்ஸ்டன் குழு ஆட்டின் இளம் சிவப்பணுக்களிலும், அமெரிக்காவில் பிலிப் ஸ்டால் குழு எலியின் இளம் சிவப்பணுக்களிலும், முதிரும் அணு தனக்கு இனி வேண்டாத, இரும்பை உள்ளே எடுக்க உதவும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைச் சிறு நுண்பைகளில் கட்டி வெளியே தள்ளுவதைப் பார்த்தார்கள். எக்ஸோசோம் என்ற பெயரை இவற்றுக்கு ஜான்ஸ்டன் 1987இல் சூட்டினார். வெகுகாலம் இவற்றைச் செல்லின் குப்பை என்றே நினைத்தார்கள். 2007இல் ஸ்வீடனில் வலாடி, லோட்வால் குழு, இந்த நுண்பைகளுக்குள் எம்ஆர்என்ஏவும் (புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்கும் ஆர்என்ஏ) மைக்ரோ ஆர்என்ஏவும் (ஜீனை அடக்கும் சிறு ஆர்என்ஏ) இருக்கின்றன, இன்னொரு செல்லுக்குள் போனபின் அந்த எம்ஆர்என்ஏ புரதமாகவும் மாறுகிறது என்று காட்டியது. இயற்கையே ஆர்என்ஏவைக் கட்டி அனுப்பும் பை இது என்றால், நாம் விரும்பும் ஆர்என்ஏவை அதில் வைத்து அனுப்பலாமே என்ற எண்ணம் அங்கிருந்துதான் வேகம் பிடித்தது.

ஸ்டெம் செல் வகைகளில் மெசன்கைமல் ஸ்டெம் செல்லைத் தேர்ந்தெடுக்க வலுவான காரணங்கள் உண்டு. எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து எடுக்கலாம். வளர்ப்புத் தட்டில் நன்றாகப் பெருகும். நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டும் எச்எல்ஏ-டிஆர் புரதம் மிகக் குறைவு என்பதால் எதிர்ப்பு வினை எளிதில் கிளம்பாது. 2010இல் சிங்கப்பூரில் சாய் கியாங் லிம் குழு, இந்தச் செல்களின் எக்ஸோசோமை மட்டும் கொடுத்தே சுண்டெலியின் இதயத் தசைச் சேதத்தைக் குறைத்துக் காட்டியது. அதாவது, பை வெறும் பை அல்ல. மருந்து ஏற்றாவிட்டாலும் அதற்கென்று ஒரு வேலை உண்டு. இது வரம், அதே சமயம் சிக்கல். நீங்கள் ஏற்றிய மருந்தின் பலனையும் பையின் சொந்தப் பலனையும் பிரித்துக் காட்ட, மருந்தேற்றாத எக்ஸோசோம் கொடுத்த ஒரு குழு உங்கள் சோதனையில் கட்டாயம் இருக்க வேண்டும். சில கட்டி வகைகளில் இந்தச் செல்களின் நுண்பைகள் வளர்ச்சியைத் தூண்டியதாகவும் ஆய்வுகள் உண்டு. ஆகவே அந்தக் குழுவை விட்டுவிட்டால் முடிவு எந்தப் பக்கமும் நிற்காது.

செல் வளர்ப்பு: பை கெடுவது இங்கேதான்

உங்களிடம் இருப்பது உண்மையிலேயே மெசன்கைமல் ஸ்டெம் செல்தானா என்பதை 2006இல் சர்வதேச செல் சிகிச்சைச் சங்கம் வகுத்த அளவுகோலால் உறுதி செய்யுங்கள். பிளாஸ்டிக்கில் ஒட்டி வளர வேண்டும். சிடி73, சிடி90, சிடி105 ஆகிய மேற்பரப்பு அடையாளப் புரதங்கள் மூன்றும் 95 சதவீதச் செல்களிலாவது இருக்க வேண்டும். சிடி45, சிடி34, எச்எல்ஏ-டிஆர் போன்றவை 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்புச் செல்களாக மாறிக் காட்ட வேண்டும்.

மூன்றாம் பாசேஜிலிருந்து (செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு பாசேஜ்) ஆறாம் பாசேஜ் வரையிலான செல்களைப் பயன்படுத்துவது நல்லது. அதற்கு மேல் போனால் செல்கள் அகன்று, தட்டையாகி, முதுமை அடையும். முதிர்ந்த செல்லும் நுண்பைகளை வெளிவிடும், சில நேரம் அதிகமாகவே வெளிவிடும். ஆனால் உள்ளிருக்கும் சரக்கு வேறு. எண்ணிக்கை கூடிவிட்டதே என்று மகிழ்ந்து அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது சீரம். மீடியத்தில் (ஊட்டக் கரைசலில்) சேர்க்கும் கன்றுச் சீரத்தில் மாட்டின் நுண்பைகள் நிரம்பியிருக்கின்றன. சீரத்தோடு வளர்த்த மீடியத்திலிருந்து எக்ஸோசோம் எடுத்தால் கிடைப்பதில் பெரும்பகுதி மாட்டுடையது. சீரத்தை ஒரு லட்சம் ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு) 16 முதல் 18 மணி நேரம் சுழற்றி நுண்பைகளை நீக்கலாம் என்பார்கள். குறையும், முழுதும் போகாது. சீரத்துக்குப் பதில் மனித பிளேட்லெட் லைசேட் (உடைத்த இரத்தத் தட்டணுச் சாறு) போடுவோர் கவனிக்க வேண்டியது இன்னும் அதிகம். அதில் பிளேட்லெட் நுண்பைகள் மலிந்து கிடக்கும். கடைசியில் பிளேட்லெட்டின் அடையாளமான சிடி41 சோதித்துப் பார்த்தால் அவை எவ்வளவு கலந்திருக்கின்றன என்பது தெரியும்.

என் பரிந்துரை இது. செல்கள் 80 சதவீதம் நிரம்பியதும் மீடியத்தை எடுத்துவிட்டு, பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) கொண்டு மூன்று முறை கழுவுங்கள். பிறகு சீரமில்லாத மீடியத்தில் 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். டி175 ஃப்ளாஸ்குக்கு 20 முதல் 25 மி.லி. போதும். எடுக்கும் நாளில் செல்களின் உயிர்ப்பு 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அந்தத் தொகுப்பைத் தூக்கி எறியுங்கள். சாகும் செல் உடைந்து தரும் நுண்பைகள் அளவில் எக்ஸோசோம் போலவே இருக்கும். பிறகு எந்த வடிகட்டியாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. பட்டினி போட்ட செல்லின் சரக்கும் மாறும் என்பதால் 48 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமிக்கான சோதனையை ஒவ்வொரு தொகுப்பிலும் செய்யுங்கள். அதுவும் தன் பங்குக்கு நுண்பைகளை வெளிவிடும்.

இப்போது அந்த ஃப்ளாஸ்க் கணக்கு. டி175இல் மெசன்கைமல் செல்கள் ஏறத்தாழ 35 லட்சம் இருக்கும். ஒரு செல்லுக்கு 48 மணி நேரத்தில் 2,000 நுண்பைகள் என்று எடுத்துக்கொண்டால் பத்து ஃப்ளாஸ்கிலிருந்து 7,000 கோடி. பிரித்தெடுப்பதில் பாதி போய்விடும் என்பதால் கையில் நிற்பது 3,500 கோடி. மேலே சொன்ன 7 லட்சம் கோடியை இதனால் வகுத்தால் ஒரு சுண்டெலிக்கு, ஒரு வேளைக்கு, 2,000 ஃப்ளாஸ்க் ஆகிறது. மில்லிகிராம் கணக்கில் கொடுக்க வேண்டிய மருந்துக்கு எக்ஸோசோம் ஏற்ற வாகனமே அல்ல என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

சிறிய அளவிலேயே வேலை செய்யும் சரக்கைத் தேர்ந்தெடுங்கள். ஒரு ஜீனைக் குறிவைத்து அடக்கும் சிறு ஆர்என்ஏவான எஸ்ஐஆர்என்ஏ அப்படிப்பட்டது. ஒரு செல்லின் சைட்டோபிளாசத்தைச் சில ஆயிரம் மூலக்கூறுகள் அடைந்தாலே குறிவைத்த ஜீன் அடங்கிவிடும். மைக்ரோ ஆர்என்ஏ, சில நொதிகள், மிக வீரியமான நச்சு மூலக்கூறுகள் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

பிரித்தெடுத்தல்

பழைய வழி, பலரும் இன்றும் பின்பற்றும் வழி, படிப்படியான சுழற்சி. 300 ஜியில் 10 நிமிடம் சுழற்றினால் செல்கள் இறங்கும். 2,000 ஜியில் 10 முதல் 20 நிமிடம், செத்த செல்களும் பெருந்துண்டுகளும். 10,000 ஜியில் 30 நிமிடம், பெரிய நுண்பைகள். ஒவ்வொரு முறையும் மேல் திரவத்தை மட்டும் அடுத்த படிக்கு எடுத்துப் போக வேண்டும். கடைசியாக ஒரு லட்சம் ஜியில் 70 நிமிடம். அடியில் படிவதை பிபிஎஸ்ஸில் கலக்கி மீண்டும் ஒரு லட்சம் ஜியில் 70 நிமிடம். அனைத்தும் 4 டிகிரி செல்சியஸில்.

இதில் கோளாறு எங்கே வரும்? ரோட்டார் மாறினால் எல்லாம் மாறும். சாய்கோண ரோட்டாரும் தொங்கும் வாளி ரோட்டாரும் ஒரே ஜி விசையில் ஒரே அளவு பிரிக்காது. நுண்பை கடக்க வேண்டிய தூரம் வேறு. கட்டுரையில் 70 நிமிடம் என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் ரோட்டாரின் கே எண்ணை (துகளை எவ்வளவு விரைவில் படியவைக்கும் என்பதைக் காட்டும் எண்) வைத்து நேரத்தைத் திருப்பிக் கணக்கிட வேண்டும். அத்தனை விசையில் அழுந்திய நுண்பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சில உடையும். பெல்லட்டை (அடியில் படிந்ததை) வேகமாக வோர்ட்டெக்ஸ் கருவியில் குலுக்கிக் கலக்காதீர்கள். 100 மைக்ரோ லிட்டர் பிபிஎஸ் விட்டு, பனிக்கட்டியில் அரை மணி நேரம் வைத்து, அகன்ற முனையுள்ள டிப்பால் மெதுவாகக் கலக்குங்கள். பெல்லட் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே குழாயைப் போடும்போதே வெளிப்புறச் சுவரில் பேனாவால் குறியிட்டு வையுங்கள். சாய்கோண ரோட்டாரில் அந்தப் பக்கம்தான் படியும்.

மருந்தேற்றுவதற்காகவே எக்ஸோசோம் எடுப்பவர்களுக்கு வேறு வழியைச் சொல்வேன். 2,000 ஜி வரை சுழற்றித் தெளிய வைத்த மீடியத்தை 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டு, குறுக்கோட்ட வடிகட்டலில் 300 கிலோ டால்டன் சவ்வு கொண்டு 250 மி.லி.யை 5 மி.லி.யாகச் சுருக்கி, பிபிஎஸ் விட்டு ஐந்தாறு மடங்கு கழுவுங்கள். பிறகு இன்னும் சுருக்கி 0.5 மி.லி.யாக்கி, செஃபரோஸ் சிஎல்-2பி என்ற துளையுள்ள மணிகள் நிரப்பிய 10 மி.லி. பிரிப்புக் குழாயில் ஏற்றுங்கள். திருவிழாக் கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக நுழைந்து பார்த்து வரும் குழந்தை பின்தங்கிவிட, கடையில் நுழைய முடியாத வண்டி நேராகப் போய்விடுவது போல, மணிகளின் துளைக்குள் நுழையும் புரதங்கள் தாமதமாகும், நுழைய முடியாத நுண்பைகள் முதலில் வந்துவிடும். முதல் 3 மி.லி.யை விட்டுவிட்டு அடுத்த 1.5 மி.லி.யை 0.5 மி.லி. பகுதிகளாகப் பிடியுங்கள். நுண்பைகள் அங்கேதான் இருக்கும். அதற்குப் பின்னால் வருவதைச் சேர்த்துப் பிடித்தால் புரதமும் வரும். விளைச்சலுக்கு ஆசைப்பட்டுப் பின் பகுதிகளையும் சேர்ப்பது நாம் கழுவியதையே திரும்பக் கலப்பது.

எக்ஸோசோமைத் திரளவைத்துப் பிரிக்கும் பாலிஎத்திலீன் கிளைகால் கிட்டுகளைப் பற்றி ஒரே வரி: அந்தப் பாலிமர் எஞ்சி நின்று, பிறகு நீங்கள் ஏற்றும் மருந்தையும் பிடித்துக்கொள்ளும். இந்த வேலைக்கு வேண்டாம்.

எடுத்தது என்ன என்பதைக் காட்ட, சர்வதேச செல்வெளி நுண்பைச் சங்கம் 2014, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், சிடி9, சிடி63, சிடி81 போன்ற சவ்வுப் புரதங்களும் டிஎஸ்ஜி101, அலிக்ஸ், சின்டெனின் போன்ற உட்புரதங்களும் இருக்க வேண்டும். கால்நெக்சின் போன்ற, செல்லின் உள்ளுறுப்புகளுக்குரிய புரதங்கள் இருக்கக் கூடாது. ஆல்புமின் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதையும் காட்ட வேண்டும். எண்டோசோம் (செல்லுக்குள் இருக்கும் சவ்வு அறை) வழியாகப் பிறந்தது என்று நிரூபிக்காதவரை எக்ஸோசோம் என்பதைவிடச் சிறு செல்வெளி நுண்பை என்று எழுதுவதே சரி. வழக்கத்தில் இருப்பதால் இங்கே எக்ஸோசோம் என்றே எழுதுகிறேன். மின்நுண்ணோக்கியில் கிண்ணம் போலத் தெரிவது உலர்த்தியதால் வரும் வடிவம். கரைசலில் அவை உருண்டைதான்.

தூய்மைக்கு மிக எளிய, மிகப் பயனுள்ள எண், ஒரு மைக்ரோகிராம் புரதத்துக்கு எத்தனை துகள் என்பது. 2013இல் வெப்பர், கிளேட்டன் இருவரும் முன்வைத்த அளவு: 3,000 கோடிக்கு மேல் இருந்தால் தூய்மை, 200 முதல் 2,000 கோடி என்றால் தூய்மை குறைவு, 150 கோடிக்குக் கீழே என்றால் அசுத்தம். நானோ துகள் தடமறிக் கருவியில் அளக்கும்போது மி.லி.க்கு 10 கோடி முதல் 100 கோடி வரை நீர்க்கச் செய்து, 60 வினாடிப் படங்கள் மூன்று எடுங்கள். கருவிக்குத் துகள் எல்லாம் ஒன்றுதான். புரதத் திரளையும் உப்புத் துகளையும் அது எக்ஸோசோம் என்றே எண்ணும். ஆகவே வெறும் பிபிஎஸ்ஸையும், செல்லே இல்லாமல் அதே ஃப்ளாஸ்கில் வைத்திருந்த மீடியத்தையும் அளந்து கழிக்க வேண்டும்.

மருந்தேற்றம்

வெறுமனே கலந்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பது எளிய வழி. கொழுப்பில் கரையும் மருந்து சவ்வுக்குள் நுழையும். பாக்லிடாக்ஸெல் என்ற புற்றுநோய் மருந்து, மஞ்சளில் உள்ள குர்குமின் போன்றவற்றுக்குச் சரி. ஆனால் அப்படி நுழைந்தது அப்படியே வெளியேயும் வரும். இரத்தத்தில் ஆல்புமினைக் கண்டதும் மருந்து அதற்குத் தாவிவிடும். வெளியேற்றச் சோதனையை வெறும் பிபிஎஸ்ஸில் மட்டும் செய்து 24 மணி நேரம் நின்றது என்று எழுதாமல், சீரம் கலந்தும் செய்து பாருங்கள். டயாலிசிஸ் பையில் செய்தால் தனி மருந்தையும் இன்னொரு பையில் போட வேண்டும். டயாலிசிஸ் பையின் சவ்வே மருந்தைத் தாமதப்படுத்தும்; அந்தத் தாமதத்தை எக்ஸோசோமின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

ஒலியலையால் சவ்வைத் தளர்த்துவது அடுத்த வழி. 2016இல் பட்ரகோவா குழு மேக்ரோஃபேஜ் (விழுங்கு செல்) எக்ஸோசோமில் பாக்லிடாக்ஸெல் ஏற்றியபோது, 20 சதவீத வீச்சில் 30 வினாடி ஓட்டி 30 வினாடி நிறுத்தும் முறையில் ஆறு சுற்று, இடையிடையே இரண்டு நிமிடக் குளிர்விப்பு, முடிவில் 37 டிகிரியில் ஒரு மணி நேர ஓய்வு என்று செய்தது. ஒலியலையில் ஏற்ற அளவு சுமார் 28 சதவீதம், எலக்ட்ரோபோரேஷனில் (மின்னதிர்ச்சியால் சவ்வில் துளையிடும் முறை) 5, வெறும் கலப்பில் 1.4 என்று அறிவித்தது. மெசன்கைமல் எக்ஸோசோமுக்கு இதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது சூடு. பனிநீரில் குழாயை அமிழ்த்தாமல் செய்தால் புரதங்கள் கெட்டுத் திரளும். முடிந்ததும் அந்த ஒரு மணி நேர ஓய்வைச் சுருக்காதீர்கள். சவ்வு மூடுவது அப்போதுதான். பிறகு துகள் எண்ணிக்கையை மீண்டும் அளந்து, சராசரி விட்டம் கூடியிருக்கிறதா, 200 நானோமீட்டருக்கு மேல் புதிய மேடு எழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எஸ்ஐஆர்என்ஏவுக்கு எலக்ட்ரோபோரேஷன் புகழ்பெற்றது. 2011இல் ஆக்ஸ்ஃபோர்டில் மேத்யூ வுட் குழு, சவ்வுப் புரதமான லாம்ப்2பியோடு ரேபிஸ் வைரஸின் ஒரு பெப்டைடை இணைத்து, அந்த எக்ஸோசோமில் எஸ்ஐஆர்என்ஏ ஏற்றி, இரத்த நாளத்தில் செலுத்தி, சுண்டெலியின் மூளையில் பேஸ்1 ஜீனை ஏறத்தாழ 60 சதவீதம் அடக்கிக் காட்டியது. அதிலிருந்து எல்லோரும் 400 வோல்ட், 125 மைக்ரோ ஃபாரட் என்று அமைக்கத் தொடங்கினார்கள். 2013இல் கூய்மான்ஸ் குழு செய்த எளிய சோதனை பலரையும் நிறுத்தி யோசிக்க வைத்தது. எக்ஸோசோமே இல்லாமல் எஸ்ஐஆர்என்ஏவை மட்டும் குவெட்டில் (மின்தகடுள்ள சிறு கிண்ணத்தில்) போட்டு மின்னதிர்ச்சி கொடுத்தாலும் 20 சதவீதத்துக்கு மேல் அடியில் படிந்தது. அலுமினியத் தகட்டிலிருந்து கழன்ற அயனிகள் எஸ்ஐஆர்என்ஏவைத் திரட்டிவிட்டன. அந்தத் திரட்சியைத் தடுத்துவிட்டுப் பார்த்தபோது உண்மையில் ஏறியது 0.05 சதவீதத்துக்கும் கீழே. இதைப் படித்தபிறகும் எக்ஸோசோம் இல்லாத ஒப்பீட்டைப் போடாமல் ஏற்றத் திறன் எழுதுவதை ஏற்க முடியாது.

2017இல் ரகு கல்லுரி குழு கணையப் புற்றுநோய் சுண்டெலிகளில் புற்றுநோயைத் தூண்டும் கேராஸ் ஜி12டி என்ற பிறழ்ந்த ஜீனைக் குறிவைத்தபோது, 100 கோடி எக்ஸோசோமுக்கு 1 மைக்ரோகிராம் எஸ்ஐஆர்என்ஏ, 400 மைக்ரோ லிட்டர், பொட்டாசியம் பாஸ்பேட்டும் பொட்டாசியம் குளோரைடும் 21 சதவீத ஆப்டிபிரெப்பும் (அயோடிக்ஸனால் கரைசல்) கலந்த கரைசல் என்று பயன்படுத்தியது. இங்கும் நம் கணக்கைப் போடலாம். கொடுத்தது எல்லாம் உள்ளே போயிருந்தால் செறிவு மி.லி.க்கு 2 கிராமுக்கு மேல், நடக்காத காரியம். உள்ளே போனது அதில் சிறு பங்குதான் இருந்திருக்கும். ஆனால் அந்தச் சிறு பங்கே கட்டியை அடக்கியது, சுண்டெலிகளின் ஆயுளைக் கூட்டியது. சரக்கு வீரியமானதாக இருந்தால் சிறு ஏற்றமும் போதும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

ஏற்றியபின் செய்ய வேண்டிய நான்கு ஒப்பீடுகளை விட்டுவிடாதீர்கள். மருந்து மட்டும், அதே ஒலியலை அல்லது மின்னதிர்ச்சி, அதே பிரிப்புக் குழாய், அதே பகுதிகள். எக்ஸோசோம் மட்டும், அதே சடங்குகளோடு. எக்ஸோசோமும் மருந்தும், ஆனால் மின்னதிர்ச்சி இல்லாமல். கடைசியாக, ஏற்றிய எக்ஸோசோமை ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதியில் ஊறவைத்து எஞ்சுவதை அளப்பது. கூடவே ஒரு சதவீத டிரைட்டான் எக்ஸ்-100 சேர்த்துச் சவ்வை உடைத்தபின் அதே நொதி. சவ்வு இருக்கும்போது பிழைத்து, உடைந்ததும் அழிந்தால்தான் உள்ளே இருந்தது என்று பொருள்.

டாக்ஸோரூபிசினோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு பொறி. 480 நானோமீட்டரில் தூண்டி 590இல் ஒளிர்வை அளப்போம். செறிவு கூடினால் ஒளிர்வு தானே அணையும். ஆகவே சவ்வை உடைத்து, நீர்க்கச் செய்தபின்தான் அளக்க வேண்டும். அளவுகோல் வரைபடத்தையும் அதே டிரைட்டான் கலந்த கரைசலில் போட வேண்டும். பாஸ்பேட் கரைசலில் இந்த மருந்து தானே திரளும். அந்தத் திரள் பிரிப்புக் குழாயில் எக்ஸோசோமோடு சேர்ந்தே வந்துவிடும் என்பதால், சந்தேகம் இருந்தால் அயோடிக்ஸனால் என்ற பொருளின் கரைசல்களால் அமைத்த அடர்த்தி அடுக்கில் மாதிரியை அடியில் வைத்து மிதக்க விடுங்கள். எக்ஸோசோம் மி.லி.க்கு 1.08 முதல் 1.15 கிராம் அடர்த்திக்கு எழும்பி நிற்கும். மருந்துத் திரள் அங்கே வராது.

இன்னொரு வழி, செல்லுக்கே மருந்தைக் கொடுத்து, அது வெளிவிடும் நுண்பையில் மருந்தோடு எடுப்பது. 2014இல் பஸ்குச்சி குழு மெசன்கைமல் செல்களைப் பாக்லிடாக்ஸெலில் ஊறவைத்து இதைக் காட்டியது. சவ்வு சிதையாது என்பது லாபம். எவ்வளவு ஏறும் என்பது உங்கள் கையில் இல்லை என்பது நட்டம். அந்தச் செல்கள் மருந்தால் சாகத் தொடங்கினால் மேலே சொன்ன உயிர்ப்புச் சிக்கல் வந்து நிற்கும்.

குறிப்பிட்ட இடத்துக்குப் போகுமா?

மெசன்கைமல் ஸ்டெம் செல் கட்டியை நோக்கி நகரும், ஆகவே அதன் எக்ஸோசோமும் தானே கட்டியைத் தேடிப் போகும் என்று எழுதுகிறார்கள். செல் நகர்வது கால் நீட்டி, மணம் பிடித்து, இரத்தக் குழாயைத் துளைத்து. எக்ஸோசோமுக்குக் காலும் இல்லை, நகரும் சக்தியும் இல்லை. இரத்த நாளத்தில் செலுத்தினால் பெரும்பகுதி கல்லீரல், மண்ணீரல், நுரையீரலுக்குப் போகும். இரத்தத்தில் நிற்பது நிமிடக் கணக்கில்தான். சவ்வில் உள்ள சிடி47 விழுங்கு செல்களிடமிருந்து ஓரளவு காப்பாற்றுகிறது என்பதை மேற்சொன்ன 2017 ஆய்வு காட்டியது. ஓரளவுதான்.

இலக்கை நோக்கித் திருப்ப, லாம்ப்2பி போன்ற புரதத்தின் வெளிமுனையில் பெப்டைடை இணைப்பார்கள். அந்த பெப்டைடைச் செல்லுக்குள்ளேயே நொதிகள் வெட்டிவிடும் வாய்ப்பு அதிகம். பெப்டைடுக்கு அருகே சர்க்கரை ஏறும் சிறு வரிசையைச் சேர்த்தால் தப்பிக்கும் என்று ஹங், லெனார்ட் இருவரும் 2015இல் காட்டினார்கள். எனவே ஜீனைச் செல்லில் புகுத்தியதோடு நிற்காமல், எக்ஸோசோமின் வெளிப்புறத்தில் பெப்டைடு உண்மையிலேயே இருக்கிறதா என்று எதிர்ப்பொருள் வைத்துப் பாருங்கள்.

எங்கே போனது என்று பார்க்க பிகேஎச்26, டிஐஆர் சாயங்களைப் பூசுவது பழக்கம். பிகேஎச் சாயம் தனியே எக்ஸோசோம் அளவிலேயே திரளும். அந்தத் திரள் செல்லுக்குள் புகுந்து ஒளிரும். டிஐஆர், எக்ஸோசோம் சிதைந்து நெடுநேரம் ஆனபின்னும் கொழுப்பில் ஒட்டி ஒளிரும். சாயம் மட்டும் செலுத்திய விலங்கு இல்லாத படத்தை நம்ப வேண்டாம். சிடி63ஓடு நானோலூசிஃபெரேஸ் என்ற ஒளி உமிழும் நொதியை இணைத்து அளப்பது பன்மடங்கு நம்பகமானது.

செல்லுக்குள் நுழைந்தாலும் வேலை முடியவில்லை. பெரும்பாலானவை எண்டோசோமில் மாட்டி, செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் செரிக்கப்படும். ஒளிரும் படம் நுழைந்ததற்குச் சான்று, சரக்கு இறங்கியதற்குச் சான்று அல்ல. குறிவைத்த எம்ஆர்என்ஏ குறைந்ததா, புரதம் குறைந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். மூட்டு, கண், ஆறாத புண், நுரையீரல் போன்ற இடங்களில் நேரடியாகக் கொடுக்க முடியும் என்றால் அங்கிருந்து தொடங்குங்கள். கல்லீரலோடு போட்டி போட வேண்டியதில்லை.

சேமிப்பில் கை நழுவுவது அதிகம். வெறும் பிபிஎஸ்ஸில் போட்டு மைனஸ் 80இல் வைத்தால் சில நாட்களிலேயே எண்ணிக்கை சரியும், குழாயின் சுவரிலும் ஒட்டும். 25 மில்லிமோலார் டிரெஹலோஸ் சர்க்கரையும் 0.2 சதவீத மனித ஆல்புமினும் சேர்த்த பிபிஎஸ், புரதம் ஒட்டாத குழாய், ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து வைத்தல், உருக்கியதை மீண்டும் உறைய வைக்காமை. உருக்கியபின் துகளையும் மருந்தையும் மீண்டும் அளந்து, அந்த எண்ணை வைத்தே ஊசி போடுங்கள். ஆல்புமின் சேர்த்தபின் புரத விகிதம் பயன்படாது என்பதால் அதை முன்கூட்டியே அளந்துவிட வேண்டும்.

மனிதரிடம் எதுவரை வந்திருக்கிறது? ரகு கல்லுரியின் ஆய்வைத் தொடர்ந்து, டெக்சஸின் எம்டி ஆண்டர்சன் புற்றுநோய் மையம், கேராஸ் ஜி12டி எஸ்ஐஆர்என்ஏ ஏற்றிய மெசன்கைமல் எக்ஸோசோமைப் பரவிய கணையப் புற்றுநோயாளிகளிடம் முதல் கட்டச் சோதனைக்குக் கொண்டுவந்தது. அதற்காக எலும்பு மஜ்ஜைச் செல்களை உயிரி உலையில் வளர்த்து மருந்துத் தரத்தில் தயாரிக்கும் முறையை 2018இல் வெளியிட்டார்கள். ஃப்ளாஸ்கை அடுக்கி இந்த அளவை எட்ட முடியாது.

இதற்கிடையே முடி வளர, மூட்டு வலி தீர என்று எக்ஸோசோம் ஊசி விற்கும் கிளினிக்குகள் பெருகிவிட்டன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில், நெப்ராஸ்காவில் நோயாளிகளுக்குக் கடும் பாதிப்பு ஏற்பட்டதைத் தொடர்ந்து, அனுமதி பெற்ற எக்ஸோசோம் மருந்து எதுவும் இல்லை என்று எச்சரித்தது. இந்தியாவில் ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சைகளைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை அனுமதி பெற்ற மருத்துவச் சோதனைக்குள் மட்டுமே செய்யலாம் என்கிறது. உறவினர் யாராவது இந்த ஊசியைப் பற்றிக் கேட்டால், சோதனையின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் சரிபார்க்கச் சொல்லுங்கள். உண்மையான சோதனையில் மருந்துக்குக் காசு கேட்க மாட்டார்கள்.